தரையைப் பார்த்துச் சொன்னவர்கள்

சிரட்டையை அரிசிப் பானைக்குள் விட்டு முகந்தெடுத்த செல்லக்கனி, "ஒண்ணு" என்றாள். முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருந்த அவள் தகப்பன் பகவதியப்பனின் கையில் செம்பு அப்படியே நின்றது. பிள்ளை அந்த அரிசியை முறத்தில் கொட்டி, மறுபடியும் முகந்து, "ரெண்டு" என்றாள்; இன்னொரு முறை முகந்து, "மூணு" என்றாள்; அதன்பின் சிரட்டையைப் பானையின் மூடிமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கப் புறவாசலுக்குப் போனாள். அடுப்படியில் குனிந்திருந்த அவருடைய அக்கா தாணம்மாள் நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். அவர் செம்பைக் கீழே வைத்தார்.

அந்த வீட்டில் தானியத்தின்மேல் ஒண்ணு என்ற சொல்லை எவரும் சொன்னதில்லை. பகவதியப்பன் நெல் அளப்பவர். அவருடைய தகப்பனாரும் அளந்தவர். தெற்குமடையில் எவருடைய களத்தில் சூடடித்து நெற்பொலி குவித்தாலும், மரக்காலை எடுத்துக்கொண்டு கிழக்கு நோக்கி நின்று அளவைத் தொடங்குகிறவர் அவரே. முதல் மரக்காலை 'லாபம்' என்று சொல்லிக் கொட்டவேண்டும், இரண்டாவதிலிருந்துதான் எண்ணிக்கை. ஒன்று என்று தொடங்கினால் விளைவு ஒன்றோடு நின்றுபோகும் என்பது களத்து நம்பிக்கை. அவர் நாக்குக்கு இப்படிப்பட்ட மறைப்புகள் பிறந்தது முதல் பழகியவை. பானையில் அரிசி தீர்ந்துபோனால் 'இல்லை' என்று சொல்லலாகாது, 'நிறைஞ்சிருக்கு' என்று சொல்லவேண்டும். விளக்கை அணைக்கச் சொல்லலாகாது, குளிர வைக்கச் சொல்லவேண்டும். கெட்டதைப் பெயர் சொல்லி அழைத்தால் அது வந்து வாசலில் நிற்கும் என்று அஞ்சி அஞ்சியே அரை ஆயுள் பேசிக் கழித்தாயிற்று.

பிள்ளை செய்த இரண்டாவது பிழை அதனினும் பெரிது. நான்கு சிரட்டை முகக்கவேண்டியவள் மூன்றோடு நிறுத்திவிட்டாள். அதுவரை நாள்தோறும் நான்குதான் முகந்துவந்தாள். முதற் சிரட்டை, அந்த லாபச் சிரட்டை, அவளுடைய அம்மா இசக்கியம்மாளுக்கு உரியது. சோறு வடித்தவுடன் அம்மாவின் பங்கை வெண்கலக் கும்பாவில் எடுத்து, தட்டால் மூடி, அடுக்களை மூலையில் வைப்பாள். அந்தியில் ஆரல்வாய்மொழியிலிருந்து வருகிற கடைசி வண்டியில் அம்மா வந்து இறங்கினால், வந்த களைப்பில் அடுப்பு மூட்டவேண்டியிராது என்பது அவள் எண்ணம். அம்மா வந்ததில்லை. விடிந்ததும், கும்பாவில் நீரூற்றிக் கிடந்த பழையதில் உப்பிட்டு, அதைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் பகவதியப்பன் களத்துக்குப் புறப்படுவார்.

இசக்கியம்மாள் எந்த வண்டியிலும் வரமாட்டாள் என்பது, தெற்குமடையில் செல்லக்கனி ஒருத்தியைத் தவிர எல்லாருக்கும் தெரிந்ததே. கொல்லம் ஆயிரத்து நூற்றெட்டாம் ஆண்டுப் பங்குனியில் ஊருக்குள் வைசூரி புகுந்தது. முதல் வீட்டில் வேப்பிலை செருகிய அன்றே, பகவதியப்பன் பிள்ளையை அஞ்சுகிராமத்தில் இருந்த தாணம்மாளின் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இசக்கியம்மாளுக்கு அம்மை முத்துப் போட்டது அதன் பிறகுதான். முத்தாரம்மன் வந்திறங்கிய வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கலாகாது. கேட்டால் அவள் சினந்து அடுத்த வீட்டுக்குள் நுழைவாள். ஆகையால் இசக்கியம்மாள் கண்மூடிய விடியற்காலையில் ஒருவரும் அழவில்லை. சங்கு ஊதவில்லை. ஒப்பாரி இல்லை, பதினாறாம் நாளும் இல்லை. முன்னொரு காலத்தில் முத்து வார்த்துப் பிழைத்த நான்கு பேர் வந்தார்கள். பாயோடு சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். "அம்மன் விருந்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டா" என்று ஒருவர் சொன்னார். பகவதியப்பன் தலையசைத்தார். அம்மன் கொடைவிழாவுக்குப்பின் அழுதுகொள்ளலாம் என்று இருந்தார். கொடையும் முடிந்தது. அதற்குள் அழும் முறை மறந்துபோயிற்று.

பிள்ளையைத் திரும்ப அழைத்துவரும்போது தாணம்மாளும் உடன் வந்தாள். அவள் கைம்பெண், அஞ்சுகிராமத்தில் அவளைக் கட்டி நிறுத்த ஒருவரும் இல்லை. வீட்டுக்குள் நுழைந்தவுடன் பிள்ளை, அம்மா எங்கே என்று கேட்டாள். ஆரல்வாய்மொழியில் பெரியம்மா காலொடிந்து கிடக்கிறாள், அம்மா பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள் என்று பகவதியப்பன் சொன்னார். அந்தச் சொல் அவர் யோசித்துச் சொன்னதன்று. வாயில் தானே வந்தது. எப்போது வருவாள் என்று கேட்டபோது கணவாய்க் காற்று துணைக்கு வந்தது. ஆனி பிறந்தால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் வைக்கோல் வண்டியைப் புரட்டிப் போடும் காற்று அடிக்கும். "கணவாயில காத்து நிக்கட்டும் மக்கா. காத்து நின்னா அம்மா வந்திருவா" என்றார். ஊராரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். குளத்தங்கரையில் பெண்கள், "காத்து இன்னும் நிக்கலியேட்டி" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டுத் துணி துவைத்தார்கள். நல்ல எண்ணத்தோடு ஓர் ஊர் முழுவதும் சேர்ந்து சொன்ன பொய் அது.

ஆனால் அந்தப் பொய் பிள்ளைக்காக மட்டும் சொல்லப்பட்டதன்று. அதைப் பகவதியப்பன் ஒருவருக்கும் சொன்னதில்லை. தமக்குத்தாமேகூடத் தெளிவாகச் சொல்லிக்கொண்டதில்லை. ஊரில் இசக்கியம்மாளை எதிர்பார்த்து ஓர் உயிர் இருக்கும்வரை, அவள் முழுவதும் போய்விடவில்லை என்று அவருக்கு ஒரு பிடிப்பு இருந்தது. விடியற்காலையில் அந்தக் கும்பாவின் மூடியைத் திறக்கும்போது, அவள் பங்கைத் தாம் உண்பதாகவே தோன்றும். பிழைத்திருந்த காலத்தில் அவள் தனக்கென்று வைத்த மீனில் பாதியை அவர் இலைக்குத் தள்ளுவாள், அதுபோலத்தான் இதுவும்.

அன்றிரவுச் சோற்றுக்குமுன் பிள்ளையை அருகில் அழைத்தார். ஒண்ணு என்று ஏன் சொன்னாய் என்று கேட்க நினைத்தவர், தம்மையறியாமல், அம்மாவுக்கு வைக்கவில்லையா என்று கேட்டார். செல்லக்கனி அவருடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டு முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"அம்மா எங்க இருக்கா? என்னையப் பாத்துச் சொல்லுப்பா."

"ஆரல்வாய்மொழியில..." என்று அவர் தொடங்கினார். தொடங்கியவுடன் கண் தானாகத் தாழ்ந்து சாணி மெழுகிய தரையில் போய் நின்றது. எவ்வளவு முயன்றும் அதைத் தூக்க முடியவில்லை. பிள்ளை முழங்காலிலிருந்து கையை எடுத்தாள்.

"சரிப்பா. எறும்பு சொல்லிச்சு."

அவள் அழவில்லை. இலையைப் போட்டு உட்கார்ந்து உண்டாள். மூலையில் கும்பா வாய் கவிழ்ந்து கிடந்தது.

எறும்பு எங்கிருந்து வந்தது என்பதைத் தாணம்மாள் சொன்னாள். வண்டிப் பாதை முக்கில் இருந்த வாசகசாலையில் அதுவரை பெரியவர்கள் பத்திரிகை படிப்பார்கள்; ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு கேட்பார்கள். அவ்வாண்டு சர்க்கார் உதவிப் பணத்தில் பிள்ளைகளுக்கென்று நாகர்கோவிலிலிருந்து ஒரு புத்தக அலமாரி வந்திருந்தது. மிஷன் பெண்பள்ளியில் கற்பித்துவந்த லீலாபாய் சனிக்கிழமைதோறும் வந்து அதைத் திறந்து புத்தகம் கொடுப்பாள். பெண்பிள்ளைகளும் எடுக்கலாம், வீட்டுக்கும் கொண்டுபோகலாம். வந்த நாள் முதலே ஊரில் முணுமுணுப்பு இருந்தது. பெண்பிள்ளைக்குக் கதைப் புத்தகம் எதற்கு என்றார்கள். எந்த வீட்டில் கிடந்த புத்தகம் எந்த வீட்டுக்குள் வருகிறது என்று பார்க்க ஆளில்லையா என்றார்கள். பகவதியப்பன் அந்த முணுமுணுப்பில் சேர்ந்ததில்லை. பிள்ளை விரலால் எழுத்துக் கூட்டிப் படிப்பதைக் கேட்க அவருக்கு இன்பமாகவே இருந்தது.

மறுநாள், பிள்ளை அங்கிருந்து எடுத்துவந்திருந்த எறும்புக் கதைப் புத்தகத்தை வேட்டி மடியில் செருகிக்கொண்டு களத்துக்குப் போனார். வேலையாட்கள் கஞ்சி குடிக்கப் போன நேரத்தில், வைக்கோற்போரின் நிழலில் உட்கார்ந்து, எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தார். மெல்லிய புத்தகம், மட்டையில் ஓர் அணில். கதையும் சிறியது. தாயணில் ஒரு நாள் இரை தேடப் போனது, திரும்பவில்லை. அணிற்பிள்ளை காகத்தைக் கேட்டது; உன் தாய் மாமரத்துக்குப் போயிருக்கிறாள் என்று காகம் சொன்னது. கிளி, ஆற்றுக்கு அப்பால் போயிருக்கிறாள் என்றது. மழை விட்டதும் வருவாள் என்றது தவளை. கடைசியில் அது ஓர் எறும்பைக் கேட்டது. எறும்பு நின்று, தலையைத் தூக்கி, அணிற்பிள்ளையின் கண்ணைப் பார்த்தது. "உன் தாய் இறந்துவிட்டாள். நாங்கள்தாம் பார்த்தோம். இறந்தவர்கள் திரும்பி வருவதில்லை. மற்றவர்கள் உன்மேல் உள்ள அன்பினால் வேறு சொன்னார்கள். அவர்கள் அதைச் சொன்னபோது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்களே, நீ கவனிக்கவில்லையா?" என்றது. பிறகு அணிற்பிள்ளை அழுதது. எறும்பு தன் வரிசைக்குப் போகாமல் அது அழுது முடியும்வரை அருகிலேயே இருந்தது. அவ்வளவுதான் கதை.

பகவதியப்பன் அந்த ஓர் இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். எங்கோ சென்னைப் பட்டணத்தில், தெற்குமடை இருக்கும் திசைகூட அறியாத ஒருவன், தம் வீட்டுக் கூரையைப் பிரித்து எட்டிப் பார்த்துவிட்டு எழுதிவைத்ததுபோல் இருந்தது. அவருக்கு முதலில் வந்தது வெட்கம். வெட்கம் நெடுநேரம் வெட்கமாகவே இருப்பதில்லை. நிழல் நகர்ந்து வெயில் காலில் படுவதற்குள் அது சினமாகிவிட்டது. என் பிள்ளைக்கு எதை, எப்போது சொல்லவேண்டும் என்பது என் பாடு. அதில் தலையிட இவன் யார்? இதை வாங்கி அடுக்கியவர்கள் யார்?

அன்று மாலை அதையே வீட்டிலும் சொன்னார். தாணம்மாள் புளி கரைத்துக்கொண்டே கேட்டாள்.

"நல்லதாப் போச்சுன்னு நெனச்சுக்கோ. ஒனக்கு வாயில வராதத ஒரு எறும்பு சொல்லிட்டு. அந்த எறும்புக்கு இருக்க தெம்பு ஒனக்கு இல்லையேடே."

"பிள்ளை மனசு ஒடஞ்சிரும், அக்கா."

"பிள்ளை மனசா?" என்றாள் அவள். புளிச்சக்கையைப் பிழிந்து வெளியே எறிந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வாசகசாலைக் கமிட்டி கூடியது. காரியதரிசி நாராயணபெருமாள் ஊரில் பாதி வயலுக்குச் சொந்தக்காரர். பகவதியப்பன் ஆண்டுதோறும் முதலில் அளப்பது அவருடைய களத்தில்தான். கருப்பட்டி வியாபாரி யேசுதாசன் இருந்தார், துணிக்கடைக்காரர் ஒருவர் இருந்தார், பிள்ளைகளைப் பெற்றவர்கள் இன்னும் சிலர் சுவரோரம் நின்றார்கள். லீலாபாய் அலமாரிக்கு அருகில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பகவதியப்பன் மடியிலிருந்து புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். என்ன குறை என்று நாராயணபெருமாள் கேட்டார். இந்தப் புத்தகம் என் மனைவி இறந்ததை என் மகளுக்குச் சொல்லிவிட்டது என்பதே குறை. அதைச் சொல்வதென்றால் இறந்தது என்ற சொல்லை வாயால் சொல்லவேண்டும். முத்தாரம்மன் அழைத்துக்கொண்டவளைப்பற்றி அந்தச் சொல்லை அவ்வூரில் எவரும் சொன்னதில்லை. ஆகையால் வேறொன்றைச் சொன்னார்.

"பிள்ளைக படிக்க புஸ்தகத்தில அமங்கலம் வரப்பிடாது, அண்ணாச்சி. தாயைக் கொன்னு கத எழுதியிருக்கான்."

அவ்வளவு போதுமானதாயிருந்தது. அணையில் எலிவளை அளவு ஓட்டை விழுந்தால் பிறகு மண்வெட்டி வேண்டியதில்லை. யேசுதாசன் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, தமக்கும் அதில் குறை உண்டு என்றார்.

"செத்தவங்க திரும்பி வரமாட்டாங்கன்னு எறும்பு சொல்லுகு. அப்பம் கடைசி நாள்ல எழும்புகது ஆருவேய்?"

"எறும்புகிட்ட விளக்கம் கேட்டு எழுதிப் போடுவமா?" என்றார் நாராயணபெருமாள். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் துணிக்கடைக்காரர் தொடங்கினார். அவருடைய மகள் வேறெதோ புத்தகத்தில் ராசகுமாரி சுயமாக மாப்பிள்ளை பார்த்த கதையைப் படித்துவிட்டு, தன் அம்மையிடம் எதிர்ப்பேச்சுப் பேசுகிறாளாம். சுவரோரம் நின்ற ஒருவர், பன்றி பேசுகிற புத்தகம் ஒன்று இருக்கிறது, அதைத் தொட்ட கையோடு பிள்ளை அடுக்களைக்குள் வருகிறது என்றார். இன்னொருவர், பன்றி கிடக்கட்டும், எந்தெந்தக் குடியில் கிடந்த புத்தகம் தம் வீட்டு நடைக்குள் வருகிறது என்பதைச் சொல்ல ஆளில்லையே என்றார். அதைச் சொன்னபோதுதான் அறையில் உண்மையான சூடு பிறந்தது. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு அச்சத்தைக் கொண்டுவந்து அந்த அணில் புத்தகத்தின்மேல் வைத்தார்கள். பகவதியப்பன் இரண்டு முறை வாயெடுத்தார். "நான் அந்த ஒரு புஸ்தகத்தத்தான்..." என்று தொடங்கியது அவருக்கே கேட்கவில்லை.

நாராயணபெருமாள் கையுயர்த்தி அமர்த்தினார். "பகவதியப்பன் எத்தன வருசமா அளக்கான்? ஒரு மணி கூடக்கொறைய வந்ததுண்டா? அவனே வந்து கொறை சொல்லுகான்னா அதுக்குமேல நாம என்ன பாக்கணும்?" என்றார். அலமாரியைப் பூட்டிவிடலாம், புத்தகங்களை நாகர்கோவிலுக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கையில், லீலாபாய் எழுந்தாள். அவள் குரல் உயரவில்லை. பகவதியப்பனை மட்டும் நோக்கிப் பேசினாள்.

"அண்ணாச்சி, அந்தக் கதையில பொய்யின்னு ஒரு வரி காட்டுங்க. நானே கிழிச்சு அடுப்புல போடுகேன்."

வெளியே வண்டிமாட்டின் கழுத்துமணி ஒலித்து ஓய்ந்தது. பகவதியப்பன் துணை தேடி ஒவ்வொருவராகப் பார்த்தார். இசக்கியம்மாளைப் பாயில் சுருட்டியவர்களில் இருவர் அங்கே இருந்தார்கள். காற்று நிற்கட்டும் என்று பிள்ளையிடம் சொன்னவர்கள் பலரும் இருந்தார்கள். நாராயணபெருமாள், யேசுதாசன், துணிக்கடைக்காரர், சுவரோரம் நின்றவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புத்தகத்தில் எழுதியிருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு நொடி தோன்றிற்று. இல்லை, பொய் ஒன்றும் இல்லை, அலமாரியைப் பூட்டவேண்டாம் என்று சொன்னால் போதும். லீலாபாயின் கண் அவர் முகத்தைவிட்டு அகலவில்லை.

"அமங்கலம்" என்றார் அவர், தம் கால் விரலைப் பார்த்துக்கொண்டு.

லீலாபாய் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். மறு சனிக்கிழமை புத்தகம் மாற்றவந்த பிள்ளைகள் பூட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அதற்கடுத்த கிழமை அலமாரியே அங்கு இல்லை; சுவரில் அது நின்ற இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

பகவதியப்பன் எண்ணியது ஒன்று. புத்தகம் போய்விட்டால் பிள்ளை அதை மறப்பாள், பழையபடி நான்கு சிரட்டை முகப்பாள் என்று அவர் நம்பியிருந்தார். அவள் முகக்கவில்லை. அம்மாவைப்பற்றிய பேச்சையும் எடுக்கவில்லை. கேட்ட கேள்விக்கு விடை சொன்னாள், சொன்ன வேலையைச் செய்தாள். பள்ளிவிட்டு வந்ததும் அவர் மடியில் ஏறி, அன்றைக்குக் கண்டதையெல்லாம் ஒப்பிக்கிற பழக்கம் நின்றுவிட்டது. குளத்தங்கரையில் துணிக்கடைக்காரர் மகள் மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால், "ஏட்டி, ஒங்கப்பனாலதானட்டீ எல்லாருக்கும் புஸ்தகம் போச்சு. எங்கள்ட்ட பேசாண்டாம்" என்று சொன்னதாகவும், செல்லக்கனி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பியதாகவும் தாணம்மாள் சொன்னாள். அவளாக அதைத் தகப்பனிடம் சொல்லவில்லை. விடியற்காலைகளில் கும்பா கவிழ்ந்தே கிடந்தது. தாணம்மாள் வேறு பாத்திரத்தில் பழையது வைத்திருப்பாள். அவருக்கு அது இறங்கவில்லை. வெறும் வயிற்றோடு களத்துக்குப் போனார்.

சொல்லிவிடவேண்டும் என்று பலமுறை நினைத்தார். ஒரு நாள் மாலை வயல் வரப்பில் பிள்ளை முன்னே நடக்க, அவர் பின்னே நடந்தார். முகம் தெரியாது, கண்ணைப் பார்க்கவேண்டியதில்லை, இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அம்மா என்பது வந்தது. அதற்கடுத்த சொல் வரவில்லை. செல்லக்கனி நின்று திரும்பிப் பார்த்தாள். மிக நெடுநேரம் அவள் காத்துக்கொண்டு நின்றதாக அவருக்குத் தோன்றியது. "அம்மாவுக்க சேலைய அத்தை வெயில்ல போடச் சொன்னா" என்று முடித்தார். பிள்ளை, "சரிப்பா" என்று சொல்லி நடந்தாள்.

புரட்டாசி பிறந்தது. கன்னிப்பூ என்னும் முதற்போக அறுவடையில் நாராயணபெருமாளின் பெரிய களம் முதலில் நிறைந்தது. பொலி ஆள் உயரம் குவிந்து கிடந்தது. உச்சியில் சாணிப் பிள்ளையார் வைத்து, அறுகம்புல் செருகி, சூடம் கொளுத்தினார்கள். வேலையாட்கள் ஓலைப்பெட்டியும் சாக்குமாக வரிசையில் நின்றார்கள். பள்ளி விடுமுறையாதலின், தகப்பனுக்கு மோர் கொண்டுவந்த செல்லக்கனியும் களத்து ஓரத்தில் நின்றாள். பகவதியப்பன் கிழக்கு நோக்கித் தொழுது, மரக்காலை நெல்லுக்குள் அமிழ்த்தி, தலை தட்டி, இரு கையாலும் தூக்கினார். ஆயிரம் முறை சொன்ன சொல். நாக்கு தானே சொல்லிவிடும்.

"ஒண்ணு" என்றது நாக்கு.

களம் முழுவதும் அசைவற்று நின்றது. சாக்கை விரித்துப் பிடித்திருந்தவன் கையை விட்டுவிட்டான். மரக்கால் நெல் பாதி சாக்கிலும் பாதி தரையிலுமாகச் சிந்தியது. நாராயணபெருமாள் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அருகில் வந்து மரக்காலை அவர் கையிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டார். "வீட்டுக்குப் போ பகவதியப்பா. இந்த வருசம் வேற ஆளு அளக்கட்டும்" என்றார். அவ்வாண்டு மட்டும் அன்று என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அளவுகாரன் நாக்குத் தவறினால் அதன் பிறகு அவன் நிழல்கூடப் பொலியில் விழ எவரும் ஒப்பமாட்டார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். பிள்ளை ஓடிவந்து அவர் கையைப் பற்றினாள். வீடு வரும்வரை அவள் இரண்டொரு முறை தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தாள்.

அன்று பகல் முழுவதும் பகவதியப்பன் முற்றத்துத் தென்னையடியில் உட்கார்ந்திருந்தார். தாணம்மாள் உண்ணக் கூப்பிட்டாள், எழவில்லை. இப்போதாவது அழுகை வரும் என்று காத்திருந்தவரைப்போல், இரண்டு கையையும் முழங்காலின்மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு இருந்தார். அதுவும் வரவில்லை. செல்லக்கனி வீட்டுக்கும் முற்றத்துக்குமாக நடந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து நெடுநேரம் அவரையே பார்த்திருந்தாள். வெயில் தாழ்ந்தபின் எழுந்து உள்ளே போனாள்.

அடுக்களையில் பானை மூடி திறக்கும் ஓசை கேட்டது. அரிசிக்குள் சிரட்டை இறங்கும் ஓசை கேட்டது.

"லாபம்" என்றாள் பிள்ளை. வெளியே இருக்கிறவருக்குக் கேட்கவேண்டும் என்பதுபோல் சற்று உரக்கவே சொன்னாள். "ரெண்டு. மூணு. நாலு."

அதன்பின் அவள் கும்பாவை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். களிம்பு ஏறிக் கிடந்ததைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துக் கழுவினாள். கழுவியதை இடுப்பில் அணைத்துக்கொண்டு, தகப்பனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"கணவாயில இன்னும் காத்து நிக்கலியாம்பா. வண்டிக்காரங்க சொன்னாங்க. நின்னதும் அம்மா வந்திருவா."

அவர் நிமிர்ந்து மகளின் கண்களைத் தேடினார். செல்லக்கனி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா மக்கா" என்றார் பகவதியப்பன்.

தலைக்குமேல் தென்னை ஓலை ஒன்றும் அசையவில்லை. அடுக்களைக் கூரையிலிருந்து எழுந்த புகை, நூல் பிடித்தாற்போல், நேரே மேலே போய்க்கொண்டிருந்தது.